பொண்ணு தொண்டைய புடிச்சுக்கிட்டு துடிக்கிறா, டாக்டர் "மனசு தான்"ங்கிறார், நிஜமா அப்படி ஆகுமா?

நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். பொண்ணுக்கு 11 வயசு, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி முந்திரி சாப்பிட்டு உடம்பு பூரா காணாக்கடி, உதடு வீங்கி, வாந்தி, ஊசி போட்டு தான் சரியாச்சு. இப்ப நாலு மாசமா திடீர் திடீர்னு தொண்டைய புடிச்சுக்கிட்டு "அடைக்குதும்மா, மூச்சு வரல, உதடு வீங்குது"ங்கிறா. மூணு தடவ எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு ஓடியிருக்கீங்க, ஒவ்வொரு தடவயும் போய் சேர்றதுக்குள்ள பாதி சரியாயிடுது, அங்க பார்த்தா ஆக்சிஜன் 99, வீக்கம் ஒண்ணும் இல்ல, கடைசியா பார்த்த டாக்டர் "எல்லாம் மனசு தான்மா, பயப்படறா"ன்னு சொல்லி அனுப்பிட்டார். நீங்க கேட்டது "மனசால மூச்சு அடைக்குமா"ன்னு ஒரே ஒரு வரி. ஆனா நீங்க எழுதியிருக்கற விதத்த பார்த்தா நிஜமா கேக்கறது வேற: பொண்ணு நடிக்கிறாளா, இல்ல அலர்ஜியே தான் வந்து நாம கோட்டை விட்டுடுவோமா, அடுத்த தடவ ஊசி போடறதா வேணாமா. அதுக்கு தான் பதில் சொல்லப் பார்க்கறேன், கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கோங்க.

நான் குழந்தைகள் டாக்டர், அதுல அலர்ஜி, இளைப்பு, மூச்சு சம்பந்தப்பட்டது தான் அதிகமா பார்க்கறேன், 17 வருஷமாச்சு. உங்க பொண்ண நான் பார்க்கல, அதனால அவளுக்கு இன்னது தான்னு இங்கேர்ந்து சொல்ல முடியாது, வேற யாராவது அடிச்சு சொன்னாலும் நம்பாதீங்க. பொதுவா கேட்டீங்கன்னா, ஆமா, பயம் பதட்டம் மாதிரி விஷயத்தால தொண்டை நிஜமாவே அடைக்கும். "நிஜமாவே"ங்கறத அழுத்தி சொல்றேன். அதே சமயம் "வீக்கம் தெரியல, ஆக்சிஜன் நல்லாருக்கு, அப்ப மனசு தான்"னு ஒரு முடிவுக்கு வர்றது சரியான வழி இல்ல. மனசு காரணம்னு சொல்லணும்னா அதுக்குன்னு அடையாளம் இருக்கணும், வேற எதுவும் கிடைக்கல அதனால இதுன்னு தள்ளி விடக்கூடாது.

ஊசி (அட்ரினலின்) விஷயத்த முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இன்னிக்கு ராத்திரியே உங்களுக்கு அது தேவைப்படலாம். முந்திரியோ, என்ன கலந்திருக்குன்னு தெரியாத ஏதாவதோ சாப்பிட்ட ஒரு ரெண்டு மணி நேரத்துக்குள்ள மூச்சு திணறுச்சுன்னா யோசிக்காம போடுங்க. சாப்பிட்டது எதுவும் இல்லைன்னாலும் மூச்சோட சேர்ந்து காணாக்கடி, கண்ணுக்கு தெரியற வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, குரல் கம்மிப் போறது, எச்சில் முழுங்க முடியாம வழியறது, வெளுத்து தொய்ஞ்சு விழறது, இதுல ஒண்ணு இருந்தாலும் போடுங்க, தொடையோட வெளிப்பக்கம், உடனே ஆஸ்பத்திரி. போட்டப்புறம் எழுந்து நடக்க விடாதீங்க, படுக்க வைங்க, மூச்சு முட்டுதுன்னா சாய்ஞ்சு உட்காரட்டும், அஞ்சு நிமிஷத்துல குறையலைன்னா ரெண்டாவது ஊசி. அட்ரினலின் அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், இந்த வயசு பசங்களுக்கு ஒரு தடவைக்கு 0.3 மில்லிகிராம் வரைக்கும் போவாங்க. இதய நோய் இல்லாத குழந்தைக்கு தேவையில்லாம ஒரு ஊசி போட்டுட்டா கை நடுங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், முகம் வெளுக்கும், கொஞ்ச நேரத்துல அடங்கிடும். தேவைப்பட்டப்ப போடாம விட்டா அதுக்கு ஈடே கிடையாது. அதனால சந்தேகம்னா ஊசி பக்கம் தான் நிக்கணும், "மனசு தான்னு சொல்லிட்டாங்களே"ன்னு தயங்க வேணாம்.

இப்ப தொண்டைக்கு வர்றேன். கழுத்து முன்னாடி துருத்திக்கிட்டு இருக்கற குரல்வளைக்குள்ள ரெண்டு மடிப்பு இருக்கு, குரல் நாண்னு சொல்வோம், வோக்கல் கார்டு. பேசும்போது ரெண்டும் சேரும், மூச்சு இழுக்கும்போது ஆங்கில 'வி' எழுத்து மாதிரி விரியும். இதோட முதல் வேலை குரல் கொடுக்கறது இல்ல, காவல் காக்கறது தான். தண்ணி புரை ஏறும்போது ஒரு நொடி எல்லாம் அடைச்சுக்குதே, அது இந்த மடிப்பு படார்னு மூடிக்கிட்டு நுரையீரல காப்பாத்தறது. சில பசங்களுக்கு இந்தக் காவல்காரன் தேவைக்கு மேல உஷாராயிடறான். விரியவேண்டிய நேரத்துல, அதாவது மூச்சு உள்ள இழுக்கும்போது, மடிப்பு ரெண்டும் கிட்ட வந்து ஒட்டிக்குது, பின்பக்கம் மட்டும் சின்னதா ஒரு சந்து இருக்கும், அது வழியா காத்த இழுக்கும்போது "ஹீ"ன்னு ஒரு சத்தம் வரும். இன்னும் பலமா இழுத்தா இன்னும் ஒட்டும், பயம் ஏறும், பயம் ஏறினா கழுத்துத் தசை எல்லாம் இறுகும், மறுபடி ஒட்டும். குழந்தை தொண்டைய காட்டி அடைக்குதுன்னு சொன்னா அது பொய் இல்ல, அங்க தான் அடைக்குது, வீக்கத்தால இல்ல, தசை இறுகினதால. வேணும்னு இத செய்யறது இல்ல, "நிறுத்து"ன்னு அதட்டினா நிக்கறதும் இல்ல.

13 வயசு பையன் ஒருத்தன் வந்திருந்தான், ஆறேழு தடவ எமர்ஜென்சி, வீட்ல எல்லாரும் ஓய்ஞ்சு போயிருந்தாங்க, அப்பா பையன நிமிர்ந்து பார்க்கவே இல்ல. காது மூக்கு தொண்டை டாக்டர் மெல்லிசா ஒரு கேமரா குழாய மூக்கு வழியா விட்டு தொண்டைய ஸ்க்ரீன்ல காட்டினாங்க. சும்மா இருக்கும்போது ரெண்டு மடிப்பும் நல்லா விரிஞ்சு சுருங்குது. சைக்கிள்ல உட்கார வெச்சு மிதிக்கச் சொன்னோம், நாலாவது நிமிஷம் அவனுக்கு அந்த சத்தம் வந்துச்சு, ஸ்க்ரீன்ல பார்த்தா இழுக்கற ஒவ்வொரு மூச்சுக்கும் மடிப்பு ரெண்டும் கதவு சாத்தற மாதிரி சாத்துது. அப்பா எழுந்து ஸ்க்ரீன் கிட்ட வந்து நின்னார். எங்க ஸ்பீச் தெரபிஸ்ட் அவன் பக்கத்துல குனிஞ்சு "மூக்கால சுருக்குனு மோந்து பாரு, இப்ப வாயால ஊது"ன்னாங்க. ஒரு தடவ, ரெண்டு தடவ, மூணாவதுல கதவு திறந்துச்சு. கேமரா மூக்குல இருக்கும்போதே அவன் ஸ்க்ரீன பார்த்துக்கிட்டு தானா நாலு தடவ திறந்து திறந்து பார்த்தான், அது தன் கையில இருக்குன்னு அவனுக்கு அப்ப தான் தெரியுது. அதுக்கப்புறம் நாங்க அவனுக்கு விளக்கிச் சொல்ல பெருசா எதுவும் இருக்கல.

இதுக்கு இப்ப வழங்கற பேரு இன்ட்யூசிபிள் லாரிஞ்சியல் அப்ஸ்ட்ரக்‌ஷன், சுருக்கமா ஐஎல்ஓ. பழைய பேரு வோக்கல் கார்டு டிஸ்ஃபங்ஷன், நிறைய டாக்டருங்க இன்னமும் அப்படித்தான் சொல்வாங்க, ரெண்டையும் கேட்டு குழம்ப வேணாம். பேரோட கதையே ஒரு பாடம். 1842லயே இத 'ஹிஸ்டீரிக் க்ரூப்'னு எழுதி வெச்சிருக்காங்க, க்ரூப்னா தொண்டை வீங்கி குரைக்கற மாதிரி இருமல் வர்ற குழந்தை நோய். 1974ல வந்த ஒரு கட்டுரை 'மஞ்சாசென் ஸ்ட்ரைடார்'னு பேரு வெச்சுது, ஸ்ட்ரைடார்னா மூச்சு இழுக்கும்போது வர்ற அந்த சத்தம், மஞ்சாசென்னா நோய் இருக்கற மாதிரி பாசாங்கு பண்றவங்களுக்கு வெச்ச பேரு, அதாவது கிட்டத்தட்ட நடிப்புங்கற அர்த்தம். 1983ல அமெரிக்காவுல அஞ்சு நோயாளிங்கள பத்தி வந்த ஆய்வு தான் நிலைமைய மாத்துச்சு, கடுமையான ஆஸ்துமான்னு மருந்து மேல மருந்தா சாப்பிட்டு கேக்காம இருந்தவங்க, உள்ள பார்த்தா மூச்சு இழுக்கும்போது குரல் நாண் மூடுது, ஸ்பீச் தெரபியும் மனநல சிகிச்சையும் கொடுத்ததும் நல்ல முன்னேற்றம். இப்ப வெச்சிருக்கற பேருல மனசும் இல்ல ஹிஸ்டீரியாவும் இல்ல, ஏதோ ஒண்ணு தூண்டி குரல்வளை அடைக்குதுன்னு மட்டும் இருக்கு. அது சரியான மாற்றம்னு நினைக்கறேன், ஏன்னா தூண்டறது எப்பவும் பயமா தான் இருக்கணும்னு இல்ல. வேகமா ஓடறது, நெஞ்செரிச்சல் அமிலம் மேல ஏறி வர்றது, மூக்கு சளி தொண்டையில வழியறது, காட்டமான வாசனை, ஒரு வைரஸ் சளிக்கப்புறம் தொண்டை கூச்சமாவே இருந்துடறது, இதெல்லாமும் தூண்டும், பல பசங்களுக்கு ரெண்டு மூணு சேர்ந்து இருக்கும்.

அலர்ஜியிலேர்ந்து இத எப்படி பிரிக்கறதுன்னா, ஐஎல்ஓ பெரும்பாலும் திடீர்னு வரும், சில நிமிஷத்துல உச்சத்துக்கு போய் திடீர்னே விட்டுடும், சத்தம் உள்ள இழுக்கும்போது வரும், கைய தொண்டையில வைப்பாங்க. இளைப்புல சத்தம் வெளிய விடும்போது நெஞ்சுலேர்ந்து வரும், ராத்திரி தூக்கத்துல எழுப்பும். ஐஎல்ஓ தூங்கும்போது வர்றது அபூர்வம். ஓட்டத்துல வர்றதுன்னா, ஐஎல்ஓ ஓடிட்டு இருக்கும்போதே உச்சத்துல வந்து நின்ன கொஞ்ச நேரத்துல குறையும், இளைப்பு பல சமயம் நின்னப்புறம் ஏறும். நிஜ அலர்ஜி வீக்கம் அஞ்சு நிமிஷத்துல வந்து அஞ்சு நிமிஷத்துல மாயமா மறையாது, உதடோ நாக்கோ வீங்கினா வடிய மணிக்கணக்கு ஆகும், அடுத்த நாள் வரைக்கும் கூட இருக்கும். உங்க கேள்வியில என் கண்ணுல பட்டது அது தான், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உதடு பழைய படி ஆயிடுதுன்னு எழுதியிருக்கீங்க.

இதையெல்லாம் ஒரு சட்டம் மாதிரி வெச்சுக்காதீங்க, ஒவ்வொண்ணுலயும் ஓட்டை இருக்கு. கடுமையான அலர்ஜி வர்றவங்கள்ல 10லேர்ந்து 20 சதவீதம் பேருக்கு தோல்ல எதுவுமே தெரியாது. ஆரம்பத்துல ஆக்சிஜன் நல்லாவே காட்டும், குழந்தைங்க ரொம்ப நேரம் சமாளிப்பாங்க, அதனால 99ங்கற நம்பர் நல்ல சேதி தான், ஆனா அதை மட்டும் வெச்சு அலர்ஜி இல்லைன்னு சொல்ல முடியாது. முக்கியமானது இன்னொண்ணு இருக்கு, இத நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க: "நான் சாகப் போறேன்"ங்கற பயம் அனஃபிலாக்ஸிஸோட, அதாவது உடம்பு முழுக்க பரவற கடுமையான அலர்ஜியோட, ஒரு அறிகுறி, பாடப்புத்தகத்துலயே இருக்கு. நெஞ்சு படபடப்பு, வயித்தப் பிசையறது, நிலைகொள்ளாம தவிக்கறது, இதெல்லாம் பதட்டத்துலயும் வரும், நிஜ அலர்ஜியோட முதல் நிமிஷத்துலயும் வரும். அதனால குழந்தை ரொம்ப பயந்துட்டா அதனால இது பயம் தான்னு சொல்றது முழுக்க தலைகீழ். ஊசி போட்டதும் சரியாச்சு அதனால அலர்ஜின்னு சொல்றதும் நிக்காது, ஐஎல்ஓ தானாவே சில நிமிஷத்துல விடற விஷயம், ஊசிக்கும் அதுக்கும் நேரம் ஒத்துப் போயிருக்கலாம்.

உதடு வீங்குதுன்னு அவ சொல்றதுக்கு வருவோம். பல் டாக்டர் கிட்ட மரத்துப் போற ஊசி போட்டுக்கிட்டவங்களுக்கு தெரியும், உதடு பந்து மாதிரி வீங்கிட்ட மாதிரி இருக்கும், கண்ணாடியில பார்த்தா சாதாரணமா இருக்கும். பயத்துல வேகவேகமா மூச்சு விடும்போது இதே தான் நடக்குது. ரத்தத்துல கார்பன் டை ஆக்ஸைடு இறங்கிடும், அதனால கால்சியத்தோட சமநிலை மாறி வாயச் சுத்தி, விரல் நுனியில எறும்பு ஊர்ற மாதிரி சுருசுருன்னு இருக்கும், மரத்துப் போகும், ரொம்ப நேரம் போனா விரல் எல்லாம் கூம்பி மடங்கிக்கும், தலை சுத்தும். ஒரு தடவ நிஜமாவே உதடு வீங்கின குழந்தைக்கு அந்த சுருசுருப்பு வந்தா அது என்னன்னு நினைக்கும்? வீங்குதுன்னு தானே நினைக்கும். அது தப்பான கற்பனை இல்ல, தெரிஞ்சத வெச்சு போடற கணக்கு தான், விடை மட்டும் தப்பு. இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை, வேகமா மூச்சு விட்டா காகிதப் பையில மூச்சு விட வைக்கணும்னு யாராவது சொல்வாங்க, செய்யாதீங்க, உள்ள இளைப்போ அலர்ஜியோ இருந்தா ஆக்சிஜன் சரசரன்னு இறங்கிடும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது இப்ப ஏன் வேலைய காட்டுதுன்னு உங்களுக்கு தோணலாம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராதுன்னு சொல்வோமில்ல, உடம்பும் அப்படித்தான். அனஃபிலாக்ஸிஸ் வந்த ஒரு குழந்தைக்கு சாவு எப்படி இருக்கும்னு தெரிஞ்சுடுச்சு, அதுவும் 9 வயசுல. அதுக்கப்புறம் தொண்டையில வர்ற சின்ன உறுத்தல், கொஞ்சம் சளி, ஒரு கவளம் சரியா இறங்காதது, எதுவா இருந்தாலும் உடம்பு அதே சைரன அடிக்கும். சாப்பாட்டோட வாசனையே போதும். வேர்க்கடலை அலர்ஜி உள்ள 30 பசங்கள வெச்சு 2003ல ஒரு ஆய்வு வந்துச்சு, வேர்க்கடலை வெண்ணெய தோல்ல தடவிப் பார்த்தாங்க, மூக்கு கிட்ட வெச்சு மோந்து பார்க்க விட்டாங்க, ஒருத்தருக்கும் மூச்சுத் திணறலோ உடம்பு முழுக்க பரவற அலர்ஜியோ வரல. வாசனை வேற, சாப்பிடறது வேற. (வறுக்கும்போதோ கொதிக்கும்போதோ வர்ற ஆவியில புரோட்டீன் கலந்திருக்கலாம், அது தனி விஷயம்.) சோதனைக்காக ஆஸ்பத்திரில உணவு கொடுத்துப் பார்க்கும்போது அந்த உணவே கலக்காத ஒண்ண கொடுத்தாலும் சில பசங்களுக்கு தொண்டை இறுகறதும் அரிக்கறதும் உண்டு, அதனால தான் சந்தேகமான கேஸ்ல எதுல என்ன இருக்குன்னு சொல்லாம கொடுக்கறது.

இப்ப எதிர்ப்பக்கத்தையும் சொல்லணும், ஏன்னா நான் இதுல ஒரு தடவ தப்பு பண்ணியிருக்கேன். 9 வயசு பையன், பரீட்சை நேரம் வந்தா வயித்து வலி, ஒரு தடவ தொண்டை அடைக்குதுன்னு வந்தான், நான் பார்க்கும்போது பெருசா ஒண்ணும் தெரியல, பரீட்சை கதைய கேட்டதும் பதட்டம்னு எழுதிட்டேன். மூணு மாசம் கழிச்சு ஒரு பக்க முகமே வீங்கி வந்தான், அரிப்பு இல்ல, தடிப்பு இல்ல, ஊசிக்கும் ஸ்டீராய்டுக்கும் அசையல. அப்ப அவங்க அப்பா சாதாரணமா சொல்றார், "எனக்கும் சுத்தியல் புடிச்சு வேலை செஞ்சா மறுநாள் கை வீங்கும் சார்"னு. அந்த ஒரு வரிய நான் முதல் நாளே கேட்டு வாங்கியிருக்கணும். அது ஹெரிடிட்டரி ஆஞ்சியோஎடிமா, பரம்பரையா வர்ற வீக்கம், சுமார் 50,000 பேர்ல ஒருத்தருக்கு இருக்கும்னு கணக்கு சொல்வாங்க. சி1 இன்ஹிபிட்டர்ங்கற புரோட்டீன் குறைவாலயோ சரியா வேலை செய்யாததாலயோ வர்றது. இதுல கொடுமை என்னன்னா மன அழுத்தமே இத தூண்டும், அதனால பரீட்சைக்கு வருது அப்ப மனசு தான்னு சொல்ற வாதம் இங்க அப்படியே கவுந்துடும். வீக்கம் மணிக்கணக்குல மெதுவா ஏறும், ரெண்டு மூணு நாள் இருக்கும், வயித்து வலியாவும் வரும், நாலுல ஒருத்தருக்கு குடும்பத்துல யாருக்குமே இருக்காது. குரல்வளையில வந்தா உயிருக்கே ஆபத்து, அதுக்கு தனி மருந்து இருக்கு. உங்க பொண்ணுக்கு நீங்க சொல்ற மாதிரி நிமிஷத்துல வந்து நிமிஷத்துல போறது இதோட பொருந்தல, ஆனாலும் சி4ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை சுலபம், அது குறைவா இருந்தா சி1 இன்ஹிபிட்டர் அளவும் அது வேலை செய்யற திறனும் பார்ப்பாங்க. ஒரு தடவ பார்த்துட்டா அந்தக் கேள்விய மூடி வெச்சிடலாம்.

பரிசோதனைன்னா இன்னும் சிலது. அடுத்த தடவ எமர்ஜென்சி போனா ட்ரிப்டேஸ்ங்கற ரத்தப் பரிசோதனை எடுக்க முடியுமான்னு கேளுங்க, ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல எடுத்தா நல்லது, ஒரு நாள் கழிச்சு சாதாரணமா இருக்கும்போது இன்னொண்ணு எடுத்து ஒப்பிடணும். ஏறியிருந்தா அலர்ஜின்னு பலமான சாட்சி, ஏறலைன்னா ஒண்ணும் சொல்ல முடியாது, ஏன்னா சாப்பாட்டு அலர்ஜியில பல சமயம் ஏறவே ஏறாது. ஸ்பைரோமெட்ரில, அதாவது குழாய்ல ஊதி இழுத்து மூச்ச அளக்கற பரிசோதனையில, மூச்சு உள்ள இழுக்கற பக்கத்து கோடு தட்டையா இருந்தா ஐஎல்ஓ சந்தேகம் வலுக்கும், நல்லா இருக்கற நாள்ல எடுத்தா கோடு சாதாரணமா வரும். உறுதி பண்றது கேமரா தான், அதுவும் தொந்தரவு இருக்கும்போது. இதுக்கெல்லாம் முன்னாடி நீங்க வீட்லயே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு, என் அனுபவத்துல பாதி கேஸ்ல விடை அதுலேயே கிடைச்சிருக்கு: ஃபோன்ல வீடியோ. முகம், உதடு, கழுத்துக் குழி, நெஞ்சு எல்லாம் தெரியற மாதிரி, சத்தத்தோட, ஒரு நிமிஷம். அவ பக்கத்துல ஒருத்தர் இருக்கும்போது இன்னொருத்தர் எடுங்க, ஊசி போட வேண்டிய நிலைமைன்னா வீடியோவ விட்டுடுங்க.

நிறைய உணவுக்கு ரத்தத்துல ஐஜிஇ (அலர்ஜியோட சம்பந்தப்பட்ட எதிர்ப்புப் புரோட்டீன்) எடுத்து எல்லாத்துக்கும் பாசிட்டிவ்னு வந்ததா சொல்லியிருக்கீங்க. பாசிட்டிவ்னா உடம்புக்கு அந்த உணவு அடையாளம் தெரியும்னு அர்த்தம், சாப்பிட்டா ஆகாதுன்னு இல்ல. எந்தத் தொந்தரவும் இல்லாம சாப்பிட்டுக்கிட்டு இருந்தத அந்த பேப்பர பார்த்து நிறுத்தினா ரெண்டு விதத்துல கெடுதல், தட்டுல இருக்கற ஒவ்வொண்ணும் எதிரியாயிடும், நாள்பட விட்டா நிஜமாவே அலர்ஜி வர்றதும் உண்டு. இத அலர்ஜி டாக்டர் கிட்ட வரிசையா பேசித் தீர்த்துக்கோங்க. முந்திரி மட்டும் கண்டிப்பா கூடாது, பிஸ்தாவும் கிட்டத்தட்ட அதே புரோட்டீன், அதையும் சேர்த்து தவிர்க்கணும்.

மனசுப் பக்கம் எது உறுதி, எது இன்னும் விவாதத்துல இருக்குன்னு பிரிச்சு சொல்றேன். குரல் நாண் மூடறது உறுதி, கேமராவுல பார்க்கறோம். பயமும் பதட்டமும் தொண்டைத் தசைய இறுக்கறது, மூச்ச வேகப்படுத்தறது உறுதி. அலர்ஜி உள்ள பசங்கள சாப்பாட்ட வெச்சே கூட இருக்கற பசங்க கிண்டல் பண்றது, முகத்துக்கு நேரா அத ஆட்டறது நடக்குதுங்கறது உறுதி, அத அவ கிட்ட தனியா, பொறுமையா கேளுங்க, "யாராவது"ன்னு ஆரம்பிக்காம "ஸ்கூல்ல சாப்பாட்டு நேரம் எப்படி போகுது"ன்னு கேளுங்க. ஆனா ஐஎல்ஓ வர்ற எல்லா பசங்களுக்கும் அடியில ஒரு மன வேதனை இருந்தே ஆகணும்ங்கறது இன்னிக்கு பெரும்பாலும் யாரும் ஒத்துக்காத விஷயம், நிறைய பேருக்கு தேடினாலும் எதுவும் இருக்காது. நல்லா படிக்கற, விளையாட்டுல முன்னாடி நிக்கற, தன்ன தானே விரட்டிக்கற 11லேர்ந்து 16 வயசு பொண்ணுங்களுக்கு அதிகம்னு பாடத்துல வரும், நானும் அப்படித்தான் பார்க்கறேன், ஆனா அது காரணமா, இல்ல அந்தப் பசங்கள தான் நாம அதிகம் டாக்டர் கிட்ட கூட்டிட்டு போறோமாங்கறது பேசித் தீராத கேள்வி. பதட்டத்தால தொண்டை அடைக்குதா, தொண்டை அடைச்சு அடைச்சு பதட்டம் வந்துச்சாங்கறதும் பல குழந்தைங்க கிட்ட பிரிக்கவே முடியாது, சிகிச்சைக்கு பிரிக்கணும்ங்கற அவசியமும் இல்ல. அஞ்சு ஆறு வயசுக்கு கீழ இருந்தா நான் மனசு பக்கம் போகவே மாட்டேன், எதாவது மாட்டியிருக்கா, க்ரூப்பா, பிறவியிலயே குழாய் குறுகலாங்கறத தான் முதல்ல தேடுவேன்.

சிகிச்சைன்னா மூச்சுப் பயிற்சி தான் அடிப்படை, ஸ்பீச் தெரபிஸ்ட் கிட்ட சில தடவ போய் கத்துக்கணும். மூக்கால ரெண்டு தடவ சுருக் சுருக்னு மோந்து இழுக்கணும், பூ மோந்து பார்க்கற மாதிரி, அப்படி இழுக்கும்போது குரல் நாண் தானா விரியும், அது அந்தத் தசையோட அமைப்பு. அப்புறம் உதட்ட குவிச்சு மெல்ல ஊதணும், இல்லைன்னா "ஸ்ஸ்ஸ்"னு நீளமா விடணும். தோள் தொங்கட்டும், நாக்கு கீழ் பல்லுக்கு பின்னாடி படுத்திருக்கட்டும். இத மூச்சு முட்டும்போது முதல் தடவையா சொல்லிக் கொடுத்தா வேலைக்கே ஆகாது, நல்லா இருக்கும்போது ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ, ஒவ்வொரு தடவயும் ஒரு நிமிஷம், உடம்புக்கு பழகிப் போகணும். அது கூட பயத்துக்கு ஒரு குழந்தைகள் மனநல நிபுணர், அனஃபிலாக்ஸிஸ் நடந்த அந்த நாள பத்தி அவ கிட்ட யாரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டாங்க, அங்கேர்ந்து ஆரம்பிப்பாங்க. நெஞ்செரிச்சல், மூக்கடைப்பு இருந்தா அதையும் சரி பண்ணணும். இளைப்பும் கூட இருக்கலாம், ரெண்டும் சேர்ந்து வர்ற பசங்க நிறைய, அதனால இன்ஹேலர் இருந்தா நீங்களா நிறுத்தாதீங்க.

அடைப்பு வரும்போது நீங்க என்ன பண்ணணும்னா, குனிஞ்சு அவ கண் மட்டத்துக்கு வாங்க, குரல இறக்குங்க, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ன்னு சொல்லாதீங்க, அவளுக்கு இருக்கு. "தொண்டை இறுகுது, எனக்கு தெரியுது, நான் தோல பார்க்கறேன், நீ மூக்கால மோந்துக்கிட்டே இரு"ன்னு சொல்லிட்டு தோல், உதடு, நாக்கு, குரல் எல்லாத்தையும் பாருங்க, என்ன சாப்பிட்டான்னு யோசிங்க. மேல நான் சொன்ன அடையாளம் எதுவும் இல்லாம, எதுவும் சாப்பிடாம, பழைய மாதிரியே தான் வந்திருக்குன்னா ரெண்டு மூணு நிமிஷம் மூச்சுப் பயிற்சி பார்க்கலாம், அதுக்குள்ள தளராட்டியோ உங்களுக்கு மனசு ஒப்பாட்டியோ ஊசி, ஆஸ்பத்திரி. இத உங்க டாக்டர் கிட்ட ஒரு தாள்ல எழுதி வாங்கி ஸ்கூலுக்கும் ஒண்ணு கொடுங்க, அங்க யாராவது "இவளுக்கு பயம் தான், விடுங்க"ன்னு நிஜ அலர்ஜி அன்னிக்கு சொல்லிடக்கூடாது. வீட்லயும் "நடிக்கிறா"ங்கற வார்த்தைய எடுத்துடுங்க. அத ஒரு தடவ கேட்ட குழந்தை அடுத்த தடவ நிஜமாவே அலர்ஜி வந்தா சொல்லாம பாத்ரூமுக்குள்ள போய் கதவ சாத்திக்கும், அப்படி நடந்து வந்த குழந்தைய நான் பார்த்திருக்கேன்.

உங்க கிட்ட எனக்கு ரெண்டு கேள்வி இருக்கு, முடிஞ்சா பதில் போடுங்க. இந்த நாலு மாசத்துல உதடு வீங்கினத நீங்க கண்ணால பார்த்தீங்களா, இல்ல அவ சொன்னத வெச்சு எழுதினீங்களா? தூங்கிட்டு இருக்கும்போது ஒரு தடவயாவது இது வந்து எழுப்பியிருக்கா? பார்த்தேன், எழுப்பியிருக்குன்னா நான் மேல எழுதின பாதிய ஒதுக்கி வெச்சிட்டு இந்த வாரமே அலர்ஜி டாக்டர போய் பாருங்க, சி4 பரிசோதனைய மறக்காம கேளுங்க.